ஜேசிபி வெட்டியதா, நாம் வெட்டியதா? நிலத்தடி ஃபைபர் கேபிள் பதிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் கட் ஆனால் ரிப்போர்ட்டில் வழக்கமாக எழுதுவது ஒரே வரிதான்: ‘ஜேசிபி வேலையில் கேபிள் துண்டிப்பு.’ குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், கேபிள் போய்விட்டது, கதை முடிந்தது. ஆனால் இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் வேறு கதை தெரியும். கேபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாயான டக்ட் இரண்டரை அடியில் கிடக்கும். எச்சரிக்கை டேப் இருக்காது, பக்கத்தில் கேபிள் போகும் வழியைக் காட்டும் ரூட் மார்க்கரும் இருக்காது. என்னைக் கேட்டால், அந்த கேபிள் பதித்த நாளிலேயே பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

ஆழத்திலிருந்து தொடங்குகிறேன், பெரிய தவறுகள் அங்கேதான். சாதாரண மண்ணில் 1.65 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரை அடி என்பது நம் நாட்டில் நெடுந்தூர ஃபைபர் வேலைக்கும் கிராம ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் வேலைக்கும் வைத்திருக்கும் அளவு. குடிநீர்க் குழாய்க்கும் வாய்க்கால் தூர்வாரலுக்கும் தோண்டுபவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு அடியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குக் கீழே கிடந்தால்தான் கேபிள் பிழைக்கும். இது எல்லோருக்கும் தெரியும். பிறகும் எப்படிக் குறைகிறது? ஒன்று, தோண்டிக் குவித்த மண்மேட்டின் உச்சியிலிருந்து அளவு டேப்பை இறக்கி அளப்பார்கள். அரை அடி, முக்கால் அடி அங்கேயே கூடுதலாகக் காட்டும். இன்னொன்று, பள்ளம் தோண்டிய உடனே அளந்துவிடுவார்கள். டக்ட் இறக்குவதற்குள் பக்கச் சுவர் சரிந்து உதிரி மண் அடியில் தங்கிவிடும், டக்ட் அதன்மேல் உட்காரும். டக்ட்டைக் கிடத்திய பிறகு, அதன் மேற்புறத்திலிருந்து இயற்கையான தரைமட்டம் வரை அளப்பதுதான் உண்மையான அளவு.

பாறை வந்தால் ஆழம் குறைவது தவிர்க்க முடியாதுதான். அதை மறைப்பதுதான் தவறு. ஆழம் கிடைக்காத இடத்தில் டக்ட்டை இரும்புக் குழாய்க்குள் விட்டோ, சுற்றிலும் கான்கிரீட் போட்டோ காப்பாற்றலாம். எத்தனை மீட்டருக்கு அப்படிச் செய்தோம் என்று எழுதியும் வைக்கலாம். எழுதாமல் மூடினால், அடுத்து அங்கே வருபவர் ஐந்தரை அடியை நம்பித் தோண்டுவார்.

பள்ளத்தின் அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் டக்ட் பாம்பு போல் வளைந்து நெளிந்து கிடக்கும். அந்த நெளிவு ஒவ்வொன்றிலும் கேபிள் உரசும். காற்றழுத்தத்தால் கேபிளை உள்ளே செலுத்தும் ப்ளோயிங் மெஷின் வைத்து ஒரு கிலோமீட்டர் போக வேண்டிய கேபிள் பாதி வழியில் நின்றுவிடும். கூரான சரளைக் கல் இருந்தால் அடியில் மணல் அல்லது சலித்த மண் போட்டே ஆக வேண்டும். இரண்டு டக்ட்டை இணைக்கும் கப்ளர் போடும் இடத்தில் டக்ட்டைக் கோணலாக அறுக்கக் கூடாது, உள்ளே பிசிறு நிற்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளைக்குப் போகும்போதுகூட டக்ட்டின் வாயை எண்ட் பிளக் போட்டு மூடிவிட்டுப் போங்கள். ஒரு மழைக்குச் சேறு உள்ளே போனால், அந்த டக்ட்டைச் சுத்தம் செய்யும் செலவில் புது டக்ட்டே வாங்கிவிடலாம். மண்ணைத் தள்ளும் முன் காற்றழுத்தம் கொடுத்து அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதும் அப்போதே முடிய வேண்டும்.

கேபிளை இழுக்கும் வேலைக்கு வருவோம். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். அதில் ஒளி ஓடும் மையம் வெறும் 9 மைக்ரான். டிராக்டரில் கட்டி இழுத்தால் வெளித்தோலுக்கு ஒன்றும் ஆகாது, இழைதான் நீளும். அது இன்று உடையாது, இரண்டு வருஷம் கழித்து உடையும். இழுக்கும்போது கேபிளின் தடிமனைப் போல் இருபது மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது, இருப்பில் பத்து மடங்கு என்பது பொது விதி. 12 மில்லிமீட்டர் கேபிள் என்றால் இழுக்கும்போது வளைவு அரை மீட்டர் அகல வட்டத்துக்குச் சுருங்கக் கூடாது.

இது வெறும் புத்தக விதி இல்லை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் ஒரு ரூட். இழையில் ஒளியைச் செலுத்தி எங்கே இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில், 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தால் கோடு சுத்தமாக இருந்தது. 1550-இல் ஓர் இடத்தில் மட்டும் அரை டெசிபல் அளவுக்கு ஒரு படி இறங்கியது. வளைவிலோ நெரிவிலோ ஒளி கசிந்தால் நீண்ட அலைநீளத்தில்தான் அதிகம் தெரியும், அதனால் ஸ்ப்ளைஸ் மேல் சந்தேகம் இல்லை. உபரி கேபிள் வைக்கும் நிலத்தடித் தொட்டியான சேம்பரின் மூடியைத் தூக்கினோம். உபரி கேபிளைச் சுருட்டி, கட்டுக்கம்பி போட்டு, கட்டிங் பிளேயரால் முறுக்கி இறுக்கியிருந்தார்கள். கம்பி தோலுக்குள் பதிந்திருந்தது. அதை வெட்டி எடுத்து, வளையத்தைச் சுவரோரமாக அகலமாக விரித்தோம். ஸ்கிரீனில் அந்தப் படி காணாமல் போயிற்று. ஒரு முழம் கட்டுக்கம்பிக்காக அந்த லைன் எத்தனை நாள் தடுமாறியதோ! அன்றிலிருந்து 1310-இல் மட்டும் டெஸ்ட் செய்த ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இரண்டு கேபிளைச் சேர்க்கும் ஜாயிண்ட் போடும் முன் கேபிள் முனையில் ஓரிரு மீட்டரை வெட்டி எறியுங்கள். இழுவையில் அடிபட்டதும் ஈரம் ஏறியதும் அந்தப் பகுதிதான். ஸ்ப்ளைஸ் இழப்பை இரண்டு பக்கமிருந்தும் அளந்து சராசரி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் சில சமயம் இழப்பே இல்லாதது போலவும், ஒளி கூடியது போலவும்கூடக் காட்டும்.

எச்சரிக்கை டேப்பை டக்ட்டின்மேலேயே ஒட்டிப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறும். டேப் கண்ணில் படும் நேரத்தில் ஜேசிபியின் பல் கேபிளையும் தொட்டிருக்கும். டக்ட்டுக்கு மேல் ஓர் அடிக்குக் குறையாமல் மண் போட்டு, இறுக்கி, அதன்மேல் விரித்தால்தான் அது எச்சரிக்கை.

கடைசியாக, பலரும் வேலையாகவே நினைக்காத வேலை: எழுதி வைப்பது. உலோகமே இல்லாத ஃபைபர் கேபிளைச் சாதாரண கேபிள் டிடெக்டர் காட்டாது. சாலை ஓரத்திலிருந்து இரண்டு மீட்டர் என்று எழுதினால், சாலையை அகலப்படுத்திய பிறகு அந்த ஓரமே இருக்காது. ஜிபிஎஸ் புள்ளியும், சாலை மையக்கோட்டிலிருந்து தூரமும் வேண்டும். இன்னொன்று, ஓடிடிஆர் காட்டுவது இழையின் நீளம், நடந்துபோகும் தூரம் இல்லை. ஒவ்வொரு ஜாயிண்டிலும் இருபது மீட்டர் உபரி கேபிளை லூப்பாகச் சுருட்டி விட்டிருந்தால் ஐந்து ஜாயிண்டில் நூறு மீட்டர் போய்விடும். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் நடுராத்திரியில் தோண்டினால், நல்ல இடத்தில்தான் பள்ளம் விழும். கேபிள் தோலிலேயே மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஜாயிண்டை மூடும்போது இரண்டு பக்க எண்ணையும் குறித்துக்கொள்ள ஒரு நிமிஷம் போதும்.

தோண்டும் முன் அடுத்தவர் கேபிளையும் பாருங்கள். 2023 மார்ச் 22 அன்று தொடங்கிய ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் இடத்தைப் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். அதோடு ஊராட்சிக் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வால்வு எங்கே, பழைய பைப் எப்படிப் போகிறது என்பது வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.