வீட்டுச் சுவரில் 50 மீட்டர் இலக்கு

குப்புறப் படுத்துக் குண்டில்லாமல் ரைஃபிள் பயிற்சி செய்ய, கண்ணிலிருந்து 5 மீட்டர் தள்ளி 11.2 மி.மீ. கறுப்பு வட்டம் ஒட்டுங்கள். 50 மீட்டர் இலக்கின் கறுப்பு 112.4 மி.மீ.; தூரமும் அளவும் பத்தில் ஒன்றானால் கண்ணுக்கு ஒரே அளவுதான். பலர் கோட்டைவிடுவது உயரத்தில். களத்தில் இலக்கின் மையம் 75 செ.மீ. என்று இங்கும் அப்படியே ஒட்டினால் துப்பாக்கி அண்ணாந்துவிடும், பழகிய படுக்கை நிலையே கெடும். கண்ணுக்கும் இலக்கின் மையத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் பத்தால் வகுக்க வேண்டும்: கண் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் வட்டம் 34.5 செ.மீ.

50 மீட்டருக்கென்றே நிலைப்படுத்திய தொலைநோக்கிக்கு இது உதவாது, வட்டம் மங்கும். காற்றுக்கணிப்பும் பின்னுதையும் (சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பது) களத்தில்தான் பழக முடியும். பயிற்சி அறையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. வெறும் விசையிழுப்பு உங்கள் துப்பாக்கிக்கு ஆகுமா என்று கையேட்டைப் பாருங்கள்.