பூட்டு வேறு, அரக்கு வேறு: குரல் பதிவைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர்ப் பக்கம் ஒரு இடப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "எடத்தத் தர்றேன்னு நான் சொல்லவே இல்லையேப்பா" என்கிறார் உரிமையாளர். பதிவில் பின்பாதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது "எடத்தத் தர்றேன்". தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. வெட்டுகிறவருக்கு அது ரொம்ப வசதி. இலவச ஆடியோ எடிட்டர் ஒன்று இருந்தால் சில நிமிட வேலை.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, "பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் பண்ணி வையுங்க" என்பது. அதோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. என்கிரிப்ஷன் ஒரு பூட்டு. வெளியாள் கேட்காமல் தடுக்கும். ஆனால் மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட்டிலோ மாவட்டக் கோர்ட்டிலோ எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகப்படப்போவது உங்களைத்தான். சாவி உங்கள் கையில் இருக்கிறது, திறந்து வெட்டி அதே பாஸ்வேர்டில் மறுபடி பூட்டியிருக்கலாமே என்பார். பூட்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அரக்கு முத்திரை வேண்டும். டிஜிட்டலில் அந்த அரக்குக்கு ஹாஷ் என்று பெயர்.

ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் ஷா-256 என்ற ஹாஷ் முறை அதை 64 எழுத்துகளாகச் சுருக்கித் தரும். ஃபைலின் மிகச் சிறிய துணுக்கான ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளமே தெரியாமல் புரண்டுவிடும். கம்ப்யூட்டரில் 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, 'சிஆர்சி ஷா' மெனுவில் ஷா-256ஐத் தேர்ந்தால் போதும். விண்டோஸில் கட்டளை தட்டும் பவர்ஷெல் திரையில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளையும் இதையே தரும். ஃபைலின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது; ஆனால் பிளேயரில் திறந்து பாடல் தலைப்பு போல எதையாவது எழுதி சேவ் செய்தால் மாறிவிடும். எம்டி5, ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறைகள் இரண்டையும் நம்பி இருக்காதீர்கள். ஒரே ஹாஷ் வரும் இரண்டு வேறு ஃபைல்களை எம்டி5-இல் 2004-லேயே, ஷா-1-இல் 2017-இல் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

ஹாஷை எடுத்து, அதே பென்டிரைவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டு வைப்பது பெரிய தவறு. பதிவை மாற்றுகிறவர் ஹாஷையும் புதிதாக எடுத்து அங்கேயே வைத்துவிடுவார். அது உங்கள் கைக்கு வெளியே, தேதியோடு நிற்க வேண்டும். பேச்சு முடிந்த அன்றைக்கே அந்த 64 எழுத்தை உங்கள் வக்கீலுக்கு மெயில் அனுப்புங்கள். முடிந்தால் ஒரு தாளிலும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அது இன்னும் உறுதி. ஆறு மாதம் கழித்து எடுத்த ஹாஷ், அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்பதற்கு எந்தப் பதிலும் சொல்லாது.

வரிசை தப்பினாலும் சிக்கல்தான். முதலில் மூல ஆடியோவுக்கு ஹாஷ், பிறகு என்கிரிப்ஷன். பூட்டிய ஃபைலுக்கு மட்டும் ஹாஷ் எடுத்தால், அதே ஆடியோவை அதே பாஸ்வேர்டில் திரும்பப் பூட்டும்போது வேறு ஹாஷ் வரும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் புது ரேண்டம் எண் கலக்கப்படுகிறது. 'இரைச்சலை நீக்கித் தெளிவாக்கித் தருகிறோம்' என்று மூலத்தையே சுத்தம் செய்வதும் கூடாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் மெல்லிய முனகல் பல பதிவுகளில் அடியில் ஓடும். நடுவில் வெட்டினால் அந்த முனகலின் தொடர்ச்சி அறுந்து போகலாம், தடயவியல் ஆய்வில் அதைத் தேடிப் பார்ப்பார்கள். சுத்தம் செய்கிறவர் உங்களுக்குச் சாதகமான அந்தச் சாட்சியையும் துடைத்துவிடுவார். தெளிவான பிரதி வேண்டுமானால் நகலில் செய்து, நகல் என்றே பெயரிடுங்கள்.

பூட்டும்போது 7-ஜிப்பில் 'ஜிப்' வடிவத்தைத் தேர்ந்தால் பழைய 'ஜிப்கிரிப்டோ' முறைதான் தானாக வரும், அது உடைபடக்கூடியது. '7இசட்' வடிவம் எடுங்கள், ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டு கிடைக்கும். ஃபைல் பெயரையும் மறைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள்; இல்லாவிட்டால் யாருடைய பேச்சு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். பாஸ்வேர்டைத் தொலைத்தால் மீட்க வழி கிடையாது. தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, பென்டிரைவ் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

வக்கீலுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கே ஹாஷ் எடுக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.

பதிவு செய்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது கடைசியில் அழவைக்கும் தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4)-இன்படி டிஜிட்டல் ஆதாரத்தோடு தரும் சான்றிதழில், கருவியின் மாடல், சீரியல் எண், ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) போன்ற விவரங்களும் ஹாஷும் கேட்கப்படுகின்றன. முதல் பகுதியில் நீங்களும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். டேப் காலத்திலேயே, 1985-இல் ராம் சிங் வழக்கில், பேசுகிறவரின் குரல் அடையாளம் காணப்பட வேண்டும், திருத்தத்துக்கு இடம் இருந்திருக்கக் கூடாது, கேசட் சீல் வைத்துப் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு முடியும் வரை அந்த போனை ரீசெட் செய்யாமல், மூலப் பதிவை அழிக்காமல் வையுங்கள்.

பென்டிரைவ் சும்மா கிடந்தாலும் கெடும். இரண்டு வெவ்வேறு கருவிகளில் நகல் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து ஹாஷ் எடுத்துப் பாருங்கள். ஒப்பிடும்போது முதல் நாலு, கடைசி நாலு எழுத்தோடு நிறுத்தாமல், மெயிலில் உள்ளதற்கு நேர் கீழே ஒட்டி 64-ஐயும் பாருங்கள்.