இடிமழைக்குப் பிறகு லினக்ஸ் கணினி ஏறவில்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் சாயங்காலம் இடியோடு மழை பிடித்தால் கரண்ட் போவது புதிதல்ல. டியூஷன் சென்டரிலோ கோயில் அலுவலகத்திலோ உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய கணினி, கரண்ட் வந்ததும் கறுப்புத் திரையில் எழுத்தோடு நின்றுவிடலாம். சுவிட்சை மறுபடி மறுபடி அணைத்துப் போடாதீர்கள். கோளாறு என்னவென்று அந்தத் திரையிலேயே இருக்கிறது.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம்; தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

கடைசி வரியில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று இருந்தால், முதலில் 'எக்சிட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். வட்டின் எந்தப் பகுதியில் சிக்கல் என்பதை அது மறுபடி காட்டும். '/டெவ்/எஸ்டிஏ2' போன்ற பெயர் வரும். உங்கள் திரையில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, வட்டின் பிழைகளைச் சரிசெய்யும் இந்தக் கட்டளையைத் தட்டுங்கள்:

எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2

'-ஒய்' போடாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் சரிசெய்யவா என்று கேட்கும். சில சமயம் நூற்றுக்கணக்கில். 'ஃபைல் சிஸ்டம் வாஸ் மாடிஃபைட்' என்று வந்து முடிந்ததும் மறுபடி 'எக்சிட்'. பெரும்பாலும் கணினி ஏறிவிடும்.

ஏன் இப்படி? உபுண்டு வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு ஈஎக்ஸ்டி4 என்று பெயர். எழுதப்போகும் மாற்றத்தை அது முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டுத்தான் உரிய இடத்தில் எழுதும். அதனால் திடீரென்று கரண்ட் போனாலும் பல நேரம் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு அடங்காத சேதம் என்றால்தான் உங்களைக் கூப்பிடும். பாதியில் அறுந்த கோப்புகள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற அடைவில் வெறும் எண் பெயரோடு கிடக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். திரையில் 'ஐ/ஓ எரர்' வரிசையாக ஓடினால் எஃப்எஸ்சிகே வேண்டாம். அது வட்டோ, அதன் சாட்டா கேபிளோ கெட்டதற்கான அடையாளம். சாகும் வட்டில் எழுதினால் மிச்சமிருப்பதும் போகும். கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கேபிளை எடுத்து மாட்டிப் பாருங்கள். அப்படியும் வந்தால், உபுண்டு பென்டிரைவிலிருந்து ஏற்றி, கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்த பிறகே மற்றது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில், இணைந்திருக்கும் பகுதியின் மேலும் எஃப்எஸ்சிகே ஓட்டக்கூடாது.

கணினி ஏறிய பின் இணையதளம் எல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால் தேதியைப் பாருங்கள். வருடம் தப்பாக இருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட் காசு பேட்டரிதான், கடிகாரக் கடையிலேயே வாங்கலாம். அது தீர்ந்தால் பயோஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்பும் அழிந்து 'நோ பூட் டிவைஸ்' என்று வரலாம். வட்டு கெட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரைக்கே திரும்புகிறதா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, அங்கே வரும் எழுத்துத் திரையில் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைந்து 'டிஎஃப் -எச்' தட்டுங்கள். '/' வரியில் 100% என்றால் வட்டு நிரம்பிவிட்டது. 'சூடோ ஏபிடி கிளீன்' கொஞ்சம் இடம் விடும்.