இலையுதிர் காலத்தில் சிறு வெள்ளாட்டுப் பண்ணை: புதியவர்களுக்கான அன்றாட வேலைகள்

பகல் சுருங்கச் சுருங்க பெட்டை ஆடுகள் பருவத்துக்கு வரும், மேய்ச்சல் புல்லில் சத்து இறங்கும், குளிர்காலத் தீவனமும் உள்ளே வந்து சேர்ந்தாக வேண்டும். வசந்தத்தில் எத்தனை குட்டிகள் நிற்கும் என்பது இந்த மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஐந்தாறு ஆடுகளும் ஒரு கிடாவும் வைத்திருப்பவர் ஒரு நாளை எப்படி நடத்த வேண்டும் என்று பார்ப்போம்.

1. காலை: முதலில் பாருங்கள், பிறகு தீவனம்

கொட்டகைக்குள் போனதும் இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒதுங்கி நிற்பது, முதுகை வளைத்துக்கொள்வது, பல்லை நறநறவென்று கடிப்பது, புழுக்கை உருண்டையாக இல்லாமல் களியாக இருப்பது, அசைபோடாமல் இருப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. தீவனம் போட்டதும் எந்த ஆடு வரவில்லை என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 40.5-ஐத் தாண்டினாலும், 38-க்குக் கீழே இறங்கினாலும் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கழுவுங்கள். குளிர் ஏறிய காலைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தால் ஆடுகள் கூடுதலாகக் குடிக்கும்.

2. உலர் புல்லுக்குப் பிறகே மேய்ச்சல்

வெறும் வயிற்றோடு ஈரப்புல்லுக்கு விடாதீர்கள். பனித்துளியோடு பயறு வகைத் தழைகளைத் தின்றால் வயிறு உப்பும். புழுவின் இளம்பருவங்களும் ஈரம் இருக்கும்போதுதான் புல் நுனிவரை ஏறியிருக்கும். காலையில் உலர் புல் கொடுத்துவிட்டு, பனி காய்ந்தபின் அவிழ்த்து விடுங்கள். புல் 10 செ.மீ.க்குக் கீழே குட்டையாகிவிட்டால் அந்த இடத்தை ஓய்வில் போடுங்கள்.

40 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிலோ வரை உலர்நிலைத் தீவனம் வேண்டும். சிந்திச் சிதறுவதையும் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆடுகளுக்கு 150 நாளுக்கு 1,800 கிலோ ஆகிறது. இதைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்குங்கள். ஈரம் போகாத கட்டுகள் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், தீப்பற்றவும் செய்யும். புதிதாக அடுக்கிய முதல் சில வாரங்களில் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, ஒரு மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் அது ஆபத்து, உதவிக்கு ஆள் அழையுங்கள். பூஞ்சை பிடித்த கட்டை "கொஞ்சம்தானே" என்று போட வேண்டாம்.

3. உதிர்ந்த இலைகளில் ஒளிந்திருக்கும் நஞ்சு

காற்றில் முறிந்து விழுந்த செர்ரி, பிளம் கிளைகளை ஆடுகள் போவதற்கு முன் அப்புறப்படுத்துங்கள். வாடும் நிலையில் இருக்கும் இந்த இலைகளில்தான் சயனைடு அதிகம் வெளிப்படும். உறைபனி தாக்கிய சோளத்திலும் அதே ஆபத்து உண்டு. நஞ்சுள்ள யூ மரமும் ரோடோடென்ட்ரான் புதரும் வேலிக்குள் இருக்கவே கூடாது. ஓக் கொட்டைகளை வயிறு நிறையத் தின்ற ஆட்டுக்குச் சிறுநீரகம் கெடும்.

4. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கண்ணிமை

ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு பெருகும். கீழ் இமையைத் தாழ்த்தி உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிறியிருந்தாலோ, தாடைக்கடியில் நீர்கோத்து வீங்கியிருந்தாலோ மருந்து தேவை. எல்லா ஆடுகளுக்கும் நாள் குறித்து மருந்து ஊற்றுவது தவறு, மருந்தைத் தாங்கும் புழுக்களை அது வளர்த்துவிடும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாகக் கொடுத்தாலும் இதே விளைவுதான். எடை போட்டு, வெள்ளாட்டுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டு, நாக்கின் பின்பகுதியில் ஊற்றுங்கள்.

5. குளம்பு

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மழைக்கு மறுநாள் குளம்பு மென்மையாக இருக்கும், வெட்டச் சுலபம். அழுக்கைச் சுரண்டி, உள்ளே மடங்கிய விளிம்பை வெட்டி, குதிகாலைச் சமன் செய்யுங்கள். முடி தொடங்கும் வளையத்துக்கு இணையாக அடிப்பகுதி அமைய வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

6. கிடா சேர்த்தல்: இந்தப் பருவத்தின் முக்கிய வேலை

முதலில் ஆண் குட்டிகளைப் பிரித்து வையுங்கள். வசந்தத்தில் பிறந்த ஆண் குட்டிகள் மூன்று, நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் திறன் பெற்றுவிடும். பிரிக்க மறந்தால் தாயும் தங்கையும் சினையாகிவிடும். புதியவர்கள் பலரும் தவறுவது இங்கேதான்.

அடுத்து, ஒவ்வொரு பெட்டையின் இடுப்பு முதுகெலும்பையும் தடவிப் பாருங்கள். எலும்பு கூராகக் குத்தினால் மெலிவு, அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. நடுத்தரமாகவோ சற்று மெலிந்தோ இருக்கும் பெட்டைகளுக்குக் கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தினமும் 200 முதல் 250 கிராம் தானியம் கூடுதலாகக் கொடுங்கள். கருமுட்டைகள் கூடி, இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு அதிகரிக்கும். 50 கிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள், ஒரே நாளில் கொட்டினால் வயிற்றில் அமிலம் மிகுந்து ஆடு படுத்துவிடும். ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்கு இதனால் பயனில்லை.

பருவ அறிகுறிகள்: வாலை விடாமல் ஆட்டுவது, ஓயாமல் கத்துவது, பிறப்புறுப்பு சிவந்து வீங்கிச் சளி வடிவது, மற்ற ஆடுகள் மேல் தாவுவது. இது ஒன்று இரண்டு நாள் நீடிக்கும், 21 நாளுக்கு ஒரு முறை திரும்ப வரும். அறிகுறி மங்கலாக இருந்தால், கிடாவின் நெற்றியில் தேய்த்த துணியை மூடிய சாடியில் வைத்திருந்து பெட்டைக்கு முகரக் கொடுங்கள். பருவத்தில் இருப்பது உடனே வாலை ஆட்டும்.

சேர்ந்த தேதியை எழுதி வையுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், நவம்பர் 1-இல் சேர்ந்தால் மார்ச் கடைசியில் குட்டி. 18-ஆம் நாளிலிருந்து மறுபடி கவனியுங்கள், பருவம் திரும்பினால் சினை பிடிக்கவில்லை. முதல் முறை சேர்க்கும் பெட்டை, வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும்.

கிடா இந்த நாட்களில் தீனியை மறந்து மெலியும். அதற்காகத் தானியத்தை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். பாஸ்பரஸ் கூடிச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும். தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க முக்கி நின்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

7. மாலை: கொட்டகையும் கறவையும்

குளிருக்குப் பயந்து எல்லா இடைவெளியையும் அடைப்பது ஆடுகளுக்குக் கெடுதல். ஆட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து முகருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது, அடுத்தது நுரையீரல் சளிதான். கூரை விளிம்பு திறந்திருக்கட்டும். படுத்திருக்கும் ஆட்டின் மேல் காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் மூடுங்கள். ஓர் ஆட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இடமும், 15 செ.மீ. வைக்கோல் படுக்கையும் தேவை.

கறவை நேரத்தை மாற்றாதீர்கள். முதல் இரண்டு பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் பிடித்து, பால் திரிந்து கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். சினை ஆட்டுக்குக் குட்டி ஈனுவதற்கு 60 நாள் முன்பே பாலை வற்ற விட வேண்டும். தாது உப்பு வாங்கும்போது வெள்ளாட்டுக்கானதா என்று கேளுங்கள். செம்மறிக்கான கலவையில் தாமிரம் போதாது.

இருட்டுவதற்கு முன் தலையெண்ணிக் கதவைச் சாத்துங்கள்.