அந்தமானுக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும் நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

அந்தமானில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இது தெரியாமல்தான் முதல்முறை பவளக் கணக்கெடுப்புக்காக இருபத்திரண்டு மாணவர்களோடு, இருட்டில், போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் கடற்கரைக்குப் போகும் சாலையில் தங்குமிடம் தேடி அலைந்தேன். டிரைவருக்கும் வழி தெரியவில்லை. செல்போன் டார்ச் வெளிச்சத்தில் இறங்கி நடந்தோம். அந்தக் கூத்து உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரணம் எளிது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. போர்ட் பிளேர் கிட்டத்தட்ட 92.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் அங்கே நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. கடிகாரத்தை யாரும் மாற்றுவதில்லை. ஆகவே பயண நாளைக் காலையிலிருந்து திட்டமிடாதீர்கள். மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மூன்றரைக்குள் வண்டூர், இரண்டு மணிக்கு ஊரைவிட்டுப் புறப்பாடு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குள் தரையிறக்கம். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் சுமார் இரண்டேகால் மணி. ஆக, எட்டரைக்கு முந்தைய விமானம்தான் உங்களுக்கு.

படி 1: டிக்கெட்டில் பெயர்

அதிகம் சறுக்குவது இங்கேதான். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். டிக்கெட் படிவமோ கடைசிப் பெயர் கேட்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் 'உங்கள் பெயரை அனுப்புங்கள்' என்று கேட்டால் ஒருவன் இனிஷியலை முன்னால் போடுவான், ஒருத்தி பின்னால் போடுவாள். எங்கள் குழுவில் ஒரு பெண் வீட்டில் கூப்பிடும் பெயரையே அனுப்பிவிட்டாள். அதிகாலை கவுன்டரில் கெஞ்சிக் கூத்தாடி அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் போனது.

பெயரைக் கேட்காதீர்கள், அடையாள அட்டையின் படத்தைக் கேளுங்கள். அன்று கையில் கொண்டுவரப்போகும் அதே அட்டை. அதில் உள்ளபடி எழுதுங்கள். கடைசிப் பெயர் இடத்தில் இனிஷியலை விரித்து அப்பா, அம்மா பெயரைப் போடுவதுதான் வழக்கம். பத்துப் பேருக்கு மேல் என்றால் குழு டிக்கெட் கேளுங்கள். பெரும்பாலும் பெயர்ப் பட்டியலைப் பிறகு கொடுக்க விடுவார்கள்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி போன் வரும்.

இன்னொன்று, கிழமை. வண்டூரிலிருந்துதான் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகு. 1983-இல் அமைந்த பூங்கா. திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு போய் இறங்கினால் மறுநாள் வீண்.

படி 2: பெட்டி

கைப்பை 7 கிலோ, பெரிய பெட்டி 15 கிலோ. பவர் பேங்க் கைப்பையில்தான். ஃபார்மலின், எத்தனால் எதிலும் கூடாது. மாதிரி பாதுகாக்கத்தானே என்று விளக்கம் சொல்லிப் பயனில்லை. தேவையென்றால் போகுமிடத்தில் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.

பவளத்தின்மேல் வைத்துக் கணக்கெடுக்கும் சதுரச் சட்டத்தை இங்கேயே ஒட்டி எடுத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எந்தப் பெட்டியிலும் நுழையாது. அரை அங்குல பிவிசி பைப்பை 50 செ.மீ. துண்டுகளாக நான்கு வெட்டி, மூலையில் மாட்டும் நான்கு எல்போவோடு துணிகளுக்கு நடுவே செருகுங்கள். பசை வேண்டாம், அங்கே போய் அழுத்தி மாட்டினால் நிற்கும். பைப்பில் நாலைந்து துளை போட மறக்காதீர்கள். துளை இல்லையென்றால் உள்ளே காற்று நின்று சட்டம் மிதக்கும், பவளத்தின்மேல் உட்காராது.

தண்ணீருக்கடியில் எழுதக் கடையில் ஸ்லேட் வாங்க வேண்டியதில்லை. வெள்ளை அக்ரிலிக் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். சாதாரணப் பென்சிலே எழுதும். பென்சிலை நூலால் கட்டிவிடுங்கள்.

படி 3: மீனம்பாக்கம்

உள்நாட்டு விமானங்களுக்கு டி1, டி4 என்று இரண்டு முனையம். எது என்று முதல்நாளே பார்த்து எல்லோருக்கும் அனுப்புங்கள். மெட்ரோ ரயில் ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், அதை நம்பாதீர்கள். வெளியூர்ப் பிள்ளைகள் முந்தின நாளே வந்துவிட வேண்டும். நான்கு பேருக்கு ஒரு தலைவர் வைத்தால் நீங்கள் இருபத்திரண்டு தலையை எண்ண வேண்டாம், ஆறு பேரைக் கேட்டால் போதும்.

படி 4: இறங்கியதும்

ஓடுபாதை கடற்படையோடு பகிர்ந்துகொள்வது. போனைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். படிக்கட்டில் இறங்கும்போதே செல்ஃபி எடுக்கக் கை துறுதுறுக்கும்.

பிறகு நேராகச் சாப்பாடு. அபர்டீன் பஜார்ப் பக்கம் தமிழ் காதில் விழும், சாம்பார் சாதமும் கிடைக்கும். 'சார், செல்லுலார் ஜெயில் பக்கம்தானே' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். திரும்பும் நாளில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். நான் முதல்முறை சரி என்றேன். விளைவுதான் மேலே சொன்ன டார்ச் வெளிச்சம்.

ஏடிஎம்மில் பணம் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-இல் வந்தபிறகு இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் வண்டூரில் எல்லா சிம்மும் ஒரேபோல எடுக்காது.

படி 5: வண்டூர் சாலை

ஒரு மணி நேரப் பயணம். தென் அந்தமான் வரைபடத்தைப் பார்த்தால் மஞ்சேரி, திரூர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். வண்டூரும் மலப்புரத்து ஊர்ப்பெயர்தான். மலபாரிலிருந்து வந்து குடியேறிய மாப்பிளமார், அதாவது கேரள முஸ்லிம்கள், கூடவே கொண்டுவந்தவை. மாணவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், தூங்கட்டும்.

படி 6: முதல் இரவு

தலை எண்ணியபிறகு இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒன்று, இருட்டியபின் யாரும் கடலில், கழியோரத்தில் கால் வைக்கக்கூடாது. உவர்நீர் முதலை உள்ள கரை அது. எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததல்ல. இரண்டு, செத்த பவளத்துண்டுகூடப் பைக்குள் போகக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

பஸ்ஸிலேயே குமட்டியவர்கள் யார் என்று பார்த்து வைத்திருப்பீர்கள். டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்த மாத்திரையை அவர்களுக்கு மறுநாள் படகேறுவதற்கு முன்பே கொடுங்கள். ஏறி வாந்தி வந்தபின் கொடுத்தால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும். பூங்காத் தீவுகளுக்கு பிளாஸ்டிக் விடமாட்டார்கள், எவர்சில்வர் பாட்டிலில் இரவே தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள்.

அலாரம் வேண்டாம். ஐந்தரைக்கெல்லாம் ஜன்னலில் வெளிச்சம் வந்துவிடும்.