மேடையில் நடக்கும் உடையும் மணையில் உட்காரும் உடையும்

பேஷன் ஷோவில் ஒரு மாடல் பார்வையாளர் முன் இருப்பது ஒரு நிமிடம்கூட இருக்காது. நடந்து வருவார், முனையில் நின்று திரும்புவார், போய்விடுவார். உட்கார மாட்டார், குனிய மாட்டார், சாப்பிட மாட்டார். உள்ளே போனதும் உடையைக் கழற்றிவிட ஆட்கள் காத்திருப்பார்கள். நம் ஊர் மணப்பெண்ணோ விடியற்காலையில் கட்டிய உடையோடு மணையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், மாலை மாற்றக் கையைத் தூக்க வேண்டும், பெரியவர்கள் வரிசையில் நிற்க நிற்கக் குனிந்து நமஸ்காரம் செய்ய வேண்டும். போனில் ஒரு படத்தைக் காட்டி ‘இதே மாதிரி வேண்டும்’ என்று கல்யாண உடை தைக்க என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “இதில் உங்களால் தரையில் உட்கார முடியுமா?”

பெரும்பாலானோர் ட்ரையல் என்றால் கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். முழங்கால் வரை உடம்பை ஒட்டிப் பிடித்துக் கீழே விரியும் மெர்மெய்ட் வெட்டு நிற்கும்போது அழகுதான். உட்கார்ந்தால் தொடையில் இறுகி, ஜிப் தையல் விட்டுப்போகும். ட்ரையல் அறையிலேயே சம்மணமிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள்; இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உட்கார்ந்தால் துணி என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 1981 ஜூலை 29 அன்று இளவரசர் சார்லஸை மணக்க லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கு டயானா வந்து இறங்கியபோது, அவருடைய தந்தநிறப் பட்டு டாஃபெட்டா கவுன் முழுக்கச் சுருக்கம். பின்னால் தரையில் இழுபடும் பகுதி மட்டும் 25 அடி. அதையும் மடித்துக் கண்ணாடிக் கோச்சு என்ற குதிரை வண்டிக்குள் அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். டாஃபெட்டா ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். அரச குடும்பத்துக்கே அந்தக் கதி என்றால், வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் காரில் ஐந்து பேரோடு நெருக்கி உட்கார்ந்து வருகிறவர் ஆர்கன்சாவையும் டாஃபெட்டாவையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு முனையைக் கசக்கி, முப்பது எண்ணிவிட்டு விரித்துப் பாருங்கள். துணி தானே பதில் சொல்லிவிடும்.

நிறத்துக்கு வருவோம். 2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த தன் திருமணத்தில் நடிகை அனுஷ்கா சர்மா டிசைனர் சப்யசாச்சியின் வெளிர் ரோஜா நிற லெஹங்காவை அணிந்ததிலிருந்து வெளிர் நிறங்களின் மோகம் அடங்கவே இல்லை. 2022இல் ஆலியா பட் தந்தநிறப் புடவையில் மணமுடித்தது அதற்கு இன்னும் வலு சேர்த்தது. வரவேற்புக்கு அந்த நிறங்கள் நன்றாகவே பொருந்தும். முகூர்த்தத்துக்கு எடுக்கும் முன் அட்சதையை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் அரிசி, குங்குமம், ஈர மாலையிலிருந்து கசியும் சாறு எல்லாம் உங்கள் தோளில்தான் விழும். பட்டில் ஏறிய மஞ்சளைச் சலவைக்காரராலும் முழுதாக எடுக்க முடிவதில்லை. அரக்கும் மாம்பழ மஞ்சளும் நம் முகூர்த்தப் புடவைகளில் நிலைத்ததற்கு ஒருவேளை இந்தக் கறைக் கணக்கும் காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்தச் சந்தேகம்.

எனக்கு அதிகம் மனம் பதைப்பது கொக்கி ஊசியால் ஆரி வேலை செய்த ஜாக்கெட்டுகளில்தான். இதில் தவறு நடந்தால் திருத்த வழி கிடையாது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் முதுகும் வரைந்து, அதன்மேல் மணியும் சர்தோசி என்ற உலோக இழையும் கோத்த பிறகுதான் கத்தரி வைக்கிறோம். வரைந்த கழுத்து ஓர் அங்குலம் இறங்கிவிட்டால், இறங்கியதுதான். பாரிஸின் பெரிய தையல் இல்லங்கள் விலையுயர்ந்த துணியைத் தொடுவதற்கு முன் சாதாரணப் பருத்தியில் ஒன்றைத் தைத்து உடுத்திப் பார்க்கின்றன. அதை ‘துவால்’ என்பார்கள். நமக்கு ஒரு காடாத் துணி போதும். அதில் தைத்துப் போட்டுப் பார்த்து, சரியான பிறகு அந்த அளவை ஆரிச் சட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

பக்கத் தையலை ஒட்டி மணி வைக்கக் கூடாது. ஊசி உடையும், பிறகு பிரிக்கவும் முடியாது. திருமணத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் பெண்கள் இளைப்பதும் உண்டு, விருந்துகளில் பெருப்பதும் உண்டு. ஆகவே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடச் சொல்ல வேண்டும். கையின் உட்புறத்தில் கல் பதித்தால் அது முந்தானைச் சரிகையைப் பிடித்து இழுக்கும். இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதுகு முழுக்கப் பல்லக்கும் மணமக்களுமாக, ஒரு மாத உழைப்பில் ஆரி வேலை செய்து வாங்கிப் போனார் ஒரு பெண். கல்யாணத்தன்று பூ வைத்துத் தைத்த ஜடை நட்ட நடுவில் தொங்கி, பல்லக்கையும் மணமக்களையும் மறைத்துவிட்டது. ஓரத்தில் பல்லக்குத் தூக்கி ஒருவர் மட்டும் தெரிந்தார்.

காலக் கணக்கையும் தப்பாகப் போடுகிறார்கள். டெல்லியில் பெரும்பாலும் ஜூலையில் நடக்கும் இந்தியா கூட்டூர் வீக் என்ற பேஷன் ஷோவில் பார்த்த லெஹங்காவை ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்பார்கள். கை வேலைக்கு மாதங்கள் பிடிக்கும். அவசரம் என்றால் மெஷின் எம்பிராய்டரிதான் கையில் வரும், விலை மட்டும் கை வேலைக்கு உரியதாக இருக்கும். இணையத்தில் டிசைனர் காப்பி வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் துணியின் பெயரையும் லெஹங்காவின் எடையையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நெட், பாலியெஸ்டர் துப்பட்டாவை நீளமாகத் தொங்கவிட்டு ஹோமத்தருகே உட்காரவே கூடாது. பொறி பட்டால் பட்டு கருகும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அந்த நேரத்துக்கு மட்டும் அதை மடித்துத் தோழியிடம் கொடுத்துவிடலாம். வாசனைத் திரவியத்தைச் சரிகைமேல் அடிக்காதீர்கள், கறுத்துவிடும். உடுத்துவதற்கு முன்பே உடம்பில் பூசி உலரவிடுங்கள்.

தைத்து வாங்கும்போது மிச்சமான மணி, கல், நூல் எல்லாவற்றையும் ஒரு சிறு பொட்டலத்தில் கட்டித் தரச் சொல்லி, ஊசியோடு சித்தி கைப்பையில் போட்டு வையுங்கள். தாலி கட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால், எப்படியும் ஒரு மணி உதிரும்.