'குறியீடு!' என்று கத்துவதற்கு முன்னால்: ஒரு படத்தைப் படிக்கப் பழகுவது எப்படி?

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் "செம", "மொக்கை", "ஒரு தடவை பார்க்கலாம்" இந்த மூன்றைத் தாண்டிப் பேச்சு நகரவில்லையா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். சுவரில் காலண்டர் ஆடினாலே, அது வேறெதையோ சொல்ல வருகிறது என்று நினைத்து "குறியீடு!" என்று குதிக்கிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களும் உட்காரலாம்.

பயிற்சிக்கு இரண்டு படங்கள்: மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). இரண்டின் முடிவையும் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: கண்டதை மட்டும் எழுதுங்கள்

முதல் முறை சும்மா பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நோட்டுப் புத்தகம் எல்லாம் இரண்டாம் முறைக்கு. அப்போதும் கண்ணுக்குத் தெரிந்ததையும் காதில் விழுந்ததையும் மட்டும் குறியுங்கள், அர்த்தத்தை எழுதாதீர்கள்.

'பரியேறும் பெருமாள்' கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். "சமத்துவம் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று இயக்குநர் சொல்கிறார்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "இரண்டு டீ கிளாஸ், இடையில் ஒரு பூ" என்பதுதான் குறிப்பு. அந்த ஷாட்டை நிறுத்தி வைத்துப் பாருங்கள். இரண்டு கிளாஸிலும் இருப்பது ஒரே நிறமா? எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பதிலை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே பார்த்து எழுதுங்கள்.

படி 2: திரும்பத் திரும்ப வருவதைப் பிடியுங்கள்

எனக்குத் தெரிந்து ஆரம்பநிலைக்காரர்களுக்கு இதைவிட உதவும் வழி வேறில்லை. ஒரு பொருளோ இடமோ சத்தமோ ஒரு தடவை வந்தால் விடுங்கள். இரண்டாம் தடவை வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்றாம் தடவையும் வந்தால் அங்கே வேலை இருக்கிறது.

இந்தப் படத்தில் அது தண்டவாளம். தொடக்கத்திலேயே நாயகன் பரியனின் நாய் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள், ரயில் ஏறிவிடுகிறது. இறுதியில் பரியனையே அடித்து மயக்கி, அதே மாதிரி தண்டவாளத்தில் கிடத்துகிறார் ஒரு பெரியவர். சாதி மாறிக் காதலிக்கிறவர்களைக் கொன்றுவிட்டு விபத்து மாதிரி காட்டுவதுதான் அவர் வழக்கம். பரியன் தப்பித்துவிடுகிறான். தோற்றுப்போன பெரியவர் தன் தலையைத் தானே தண்டவாளத்தில் வைக்கிறார்.

நாய், பரியன், பெரியவர் என்று மூன்று உடல்களை வரிசையில் வைத்துவிட்டு அவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். முதல் இரண்டையும் அங்கே கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். மூன்றாமவர் தானாகவே வந்து படுக்கிறார். அப்படியென்றால் சாதிப் பெருமை கடைசியில் தன் ஆளையே தின்கிறது என்று படம் சொல்கிறதா? அல்லது சாகும்போதுகூட அதை விபத்தாகக் காட்டும் பழக்கத்தை அவர் விடவில்லையா? நான் முதல் கட்சி. என் நண்பர்களில் பாதிப் பேர் இரண்டாவது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பரியன் அவரைக் கொல்வதில்லை. சராசரி மசாலா படத்தில் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இங்கே நடக்காமல் விட்டதற்கு என்ன எடை என்று தெரியும்.

படி 3: குறியீடா, சும்மா கிடக்கிற சாமானா?

நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். அந்தப் பொருள் அப்படி இருப்பதற்குக் கதைக்குள்ளேயே சாதாரணக் காரணம் இருக்கிறதா?

நாயகன் நீலச் சட்டை போட்டிருக்கிறான் என்பதற்காக அரசியல் பேசாதீர்கள். கடையில் நீலச் சட்டையும் விற்கிறார்கள். ஆனால் 'பரியேறும் பெருமாள்' படத்தின் 'நான் யார்' பாடலில் கருப்பு நாய் நீல நிறத்தில் வருகிறது. அதற்குக் கதைக்குள் எந்த விளக்கமும் கிடையாது. அப்படியென்றால் இயக்குநர் வேண்டுமென்றே உங்கள் தோளைத் தட்டுகிறார். நீலம் அம்பேத்கரிய இயக்கத்தின் நிறம் என்பதும், படத்தைத் தயாரித்த பா. ரஞ்சித்தின் நிறுவனத்துக்கே நீலம் என்றுதான் பெயர் என்பதும் சேரும்போது உங்கள் வாதத்துக்குக் கால் முளைக்கிறது.

படி 4: படத்துக்கு வெளியே ஒரு எட்டு

வெளி உலகம் தெரிந்தால் காட்சியின் கனம் மாறும். 2015இல் நாமக்கல் மாவட்டத்தில் ஓர் இளம் பொறியாளரின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. 2022இல் மதுரை நீதிமன்றம் அது சாதி வெறிக் கொலை என்று உறுதிசெய்து பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வருவதற்குச் சுமார் மூன்றரை வருடம் முன்பே படம் வந்துவிட்டது. இது தெரிந்தவருக்கு அந்தத் தண்டவாளம் கதைக்கு வசதியான ஒரு லொக்கேஷனாகத் தெரியாது. ஆனால் ஒரு எட்டு போதும். விக்கிப்பீடியாவை முழுசாகக் கொட்டிவிட்டுப் படத்தை மறந்துவிட்டு உட்காராதீர்கள்.

படி 5: எதிர்க்கட்சிக்கும் வக்காலத்து வாங்குங்கள்

இப்போது 'உதிரிப்பூக்கள்'. ஊர்ப் பெரிய மனிதன் சுந்தரவடிவேலு, மனைவி லட்சுமியைச் சொல்லாலேயே தேய்க்கிறான். கடைசியில் அவள் தங்கையை மானபங்கப்படுத்துகிறான். ஊர் திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான். குழந்தைகள் கரையில் நிற்கிறார்கள்.

"சரியான தண்டனை" என்று நீங்கள் சொன்னால், அதற்கு எதிரான வாதத்தையும் நீங்களே எழுத வேண்டும். அதற்கான ஆதாரத்தைப் படமே கையில் கொடுக்கிறது. நல்லவர்களான உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டதுதான் நான் செய்ததிலேயே பெரிய தவறு என்ற பொருளில் இறங்குவதற்கு முன் அவன் பேசுகிறான். வில்லன் வாயில் அந்த வசனத்தை ஏன் வைத்தார் மகேந்திரன்? அவன் உண்மையிலேயே திருந்திவிட்டானா, அல்லது சாகும்போதும் அடுத்தவர் மனதில் ஒரு முள்ளைக் குத்திவிட்டுப் போகிறானா? உயிரோடு இருந்தவரை அவன் செய்ததே அதுதானே! படத்தை மறுபடி பார்க்கும்போதெல்லாம் நான் இந்த இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் குழந்தைகளைப் பார்த்ததும் தடுமாறிவிடுகிறேன். தண்டனை சரியென்றே வைத்துக்கொண்டாலும் அதைச் சுமக்கப்போவது அவர்கள்தான்.

(புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'தான் இந்தப் படத்துக்கு விதை. இரண்டையும் ஒப்பிட ஆசைப்பட்டால் செய்யுங்கள். ஆனால் "கதையில் இப்படி இல்லையே" என்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.)

படி 6: "டைரக்டர் இதெல்லாம் யோசிச்சிருப்பாரா?"

எந்த விவாதத்திலும் ஒருவர் இதைக் கேட்பார். கோபப்படாதீர்கள். யோசித்திருக்கலாம், யோசிக்காமலும் இருக்கலாம். நீங்கள் பேசுவது அவர் மனதைப் பற்றி அல்ல, திரையில் இருப்பதைப் பற்றி. அதனால் "நிமிடம் இத்தனையில் இது வருகிறது, பிறகு இங்கே மறுபடி வருகிறது" என்று காட்டுங்கள். காட்ட முடியவில்லையென்றால் கேட்டவர் பக்கம்தான் நியாயம், சரி என்று ஒத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுங்கள்.

வீட்டுப்பாடம்

எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) பாருங்கள். பாட்டே இல்லாத படம். 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில் ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்கப்படுகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, நேரடியாக நாமே பார்த்தது ஒரு பக்கம், யாரோ சொல்லக் கேட்டுப் பார்த்தது மறுபக்கம் என்று பிரித்து எழுதுங்கள். எந்தப் பக்கம் நிறைந்தது, கொலையாளியை எந்தக் காட்சியில் சந்தேகித்தீர்கள் என்பதைக் கருத்துப் பெட்டியில் போடுங்கள். ஆனால் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், எழுபது வருடம் ஆனாலும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.